பிள்ளை காத்தவளைக் காப்பவர் யார்?

நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டின் மீது அந்திப் பொழுது கவிகிறது. கெசல்கமு ஓயாவை மறித்து நிற்கும் அந்த அணையிலிருந்து நீர் மலையைக் குடைந்து செல்கிறது. சரிவில் வீழ்ந்து லக்ஷபானவில் மின்சாரமாகிறது. 1918 ஆம் ஆண்டிலேயே இந்நீரின் ஆற்றலைக் கணக்கிட்டுச் சொன்னவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. அவருடைய கனவு நனவாகி முதல் ஒளி தலைநகருக்குப் போனது 1950 இல். மின்சாரத்தைத் தந்து முடித்த நீரும் சும்மா இருப்பதில்லை. களனி கங்கையோடு கலந்து அதுவும் கொழும்புக்கே போய்ச் சேருகிறது.

அதே அந்திப் பொழுதில், கடைவீதியை அடுத்த ஒரு வீட்டில், பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி பிறர் பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தட்டித் தூங்கவைத்துக் கொண்டிருக்கிறாள். வீட்டார் ஒரு விழாவுக்குப் போயிருக்கிறார்கள். எட்டு மணிக்கு வருவோம் என்றவர்கள் பத்து மணிக்கு வருகிறார்கள். பிள்ளை உறங்குகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள், மனம் நிறைகிறது. பிறகு அவளைப் பார்த்து, “பாதை தெரியுந்தானே பிள்ளை? கவனமாகப் போ” என்கிறார்கள். “போயிருவேங்க டீச்சர்” என்கிறாள் அவள். கதவு சாத்தப்படுகிறது. அவள் முன்னே இரண்டு மைல் கரத்தை ரோடு, இருபுறமும் தேயிலை, தலைக்கு மேலே கொழும்புக்கு ஒளி கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பிகள், காலுக்குக் கீழே இருள்.

அவள் எப்படி வீடு போய்ச் சேருவாள்? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

இதுவும் ஒரு கட்டுரைக்குப் பொருளா என்று புருவத்தை உயர்த்துவோர் நம்மிடையே உண்டு என்பதை அறிவோம். உலகத்தின் பெரும் பிரச்சினைகள் தீர்க்கப்படாமல் கிடக்க, பிள்ளை பார்க்க வந்த பெண்ணின் வழித்துணையைப் பற்றிப் பேசுவதா என்பார்கள். ஆம், பேசத்தான் வேண்டும். ஒரு சமுதாயம் உழைப்பை எப்படி மதிக்கிறது என்பதை அதன் மேடைகளில் நின்று அறிய முடியாது. வேலை முடிந்த பிறகு, கதவு சாத்தப்பட்ட பிறகு, அந்த உழைப்பாளி எந்த வழியில் நடந்து போகிறாள் என்பதைப் பார்த்தால் அறியலாம்.

அந்த வீடு யாருடைய வீடு? துரையின் பங்களா என்று சொல்லிவிட்டால் நமக்குச் சுகமாக இருக்கும். துரைமாரைத் திட்டி எழுதுவதில் நமக்குக் கை பழகியிருக்கிறது. உண்மையோ அவ்வளவு சுகமானதன்று. அது கிளாக்கர் வீடு, கடைக்காரர் வீடு, வைத்தியசாலை ஊழியர் வீடு, ஆசிரியர் வீடு. சில வேளைகளில் மேதினக் கூட்டத்தில் உழைப்பின் மகிமையை ஒரு மணி நேரம் எடுத்துரைத்துவிட்டு வருகிற தோழரின் வீடு. சுருங்கச் சொன்னால் நம் வீடு. நம்முள் பலருடைய தாய்மார் கூடை சுமந்தவர்கள். லயக் காம்பராவிலிருந்து பாடசாலைக்கும், பாடசாலையிலிருந்து ஆசிரியர் பதவிக்கும் ஏறி வந்தோம். ஏறி வந்த படிக்கட்டில் இன்று இன்னொரு வீட்டின் மகள் இருளில் இறங்கிப் போகிறாள். அவளுக்காக விளக்குப் பிடிக்கக்கூட நம் கை நீளவில்லை.

பிள்ளை பார்ப்பது ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்குத் தோட்டமே விடை சொல்லும். தோட்டங்களில் பிள்ளைக் காம்பராக்கள் எப்படித் தோன்றின? குழந்தைகள் மீது கம்பெனிகளுக்கு உண்டான பாசத்தாலா? அல்ல. தாய் மலையில் நின்றால்தான் கொழுந்து ஸ்டோருக்கு வரும். பிள்ளையை ஒருத்தி பார்த்துக்கொண்டால்தான் தாய் மலையில் நிற்பாள். இலாபத்துக்குத் தேவைப்பட்ட இடத்தில் பிள்ளை பார்ப்பது வேலையாயிற்று. அதற்கு ஆளும் சம்பளமும் ஒதுக்கப்பட்டன. நம் வீட்டுக்குள் வந்ததும் அதே வேலை ‘உதவி’ என்று பெயர் மாற்றம் பெற்றுவிடுகிறது. உதவிக்கு நேரக் கணக்கு உண்டா? வழிச் செலவு உண்டா? “நீ எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி” என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாக் கணக்கும் தீர்க்கப்பட்டுவிடுகிறது. நாம் கேட்கிறோம்: உங்கள் வீட்டுப் பிள்ளையை இரவு பத்து மணிக்கு அந்த ரோட்டில் தனியே அனுப்புவீர்களா?

வீடு திரும்பாதவர்களின் கதை இம்மலைகளுக்குப் புதிதன்று. 2009 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கொழும்பு பௌத்தாலோக மாவத்தைக் கால்வாயொன்றிலிருந்து இரண்டு சிறுமியரின் உடல்கள் எடுக்கப்பட்டன. இருவரும் மஸ்கெலியாவைச் சேர்ந்த லக்ஷபான தோட்டத்துப் பிள்ளைகள். வீட்டு வேலைக்காகத் தலைநகருக்கு அனுப்பப்பட்டவர்கள். தற்கொலை என்று சொல்லப்பட்டது; பெற்றோர் நம்ப மறுத்தனர்; மலையகம் கொதித்தது. இங்கிருந்து போகும் நீரும் மின்சாரமும் போலவே அப்பிள்ளைகளும் மலையிலிருந்து கொழும்புக்குப் போனார்கள். திரும்பி வந்தவை சவப்பெட்டிகள். பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 2021 ஜூலை 3 ஆம் திகதி டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியொருத்தி, வேலை செய்த வீட்டிலிருந்து தீக்காயங்களோடு கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டு வரப்பட்டாள். அம்மாதம் 15 ஆம் திகதி உயிர் நீத்தாள். புதைத்த உடலை மீண்டும் தோண்டி எடுத்து இரண்டாவது பரிசோதனை நடத்த வேண்டிய நிலை வந்தது. மூதூரிலிருந்து 2005 இல் சவூதி அரேபியாவுக்குப் போன ஏழைப் பெண்ணின் கதையோ இன்னும் கொடிது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பினார்கள். அங்கே அவள் கையில் ஒரு கைக்குழந்தையை ஒப்படைத்தார்கள். குழந்தை இறந்தது, கொலை என்றார்கள், 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவள் தலை துண்டிக்கப்பட்டது. தானே இன்னும் பிள்ளைப் பருவம் கடக்காதவளைப் பிள்ளை பார்க்க அனுப்பிய உலகம், தவறு நேர்ந்ததும் அவளைப் பெரியவளாக்கித் தண்டித்தது.

இவை வேறு, நோட்டன் பிரிட்ஜ் கடைவீதியில் இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளை பார்க்கும் பெண்ணின் கதை வேறு என்று சிலர் சொல்லலாம். அளவில் வேறுதான், ஆனால் வேர் ஒன்று. அவளை வேலைக்கு அழைக்கும் வரையில் நமக்கு அவளைத் தெரியும். வேலை முடிந்ததும் அவள் யாரோ. இந்த மறதி ஒரு வீட்டில் இரண்டு மைல் இருளாக வெளிப்படுகிறது. இன்னொரு வீட்டில் சவப்பெட்டியாக வெளிப்படுகிறது.

சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம். வீட்டு வேலைக்காரரைப் பற்றி இந்நாட்டில் மிகப் பழைய சட்டமொன்று உண்டு. 1871 ஆம் ஆண்டின் அக்கட்டளைச் சட்டம் அவர்களைப் பதிவேட்டில் எழுதச் சொன்னது. யாருடைய பாதுகாப்புக்காக? எசமானின் வெள்ளிக் கரண்டிகளுக்காக! 1941 ஆம் ஆண்டில் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தேயிலைக்கு ஒரு சபை கிடைத்தது, அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் கிடைக்கவில்லை. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு வேலை நேரத்தின் எல்லையை வகுத்தது. அந்தத் துணிக்கடைக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கு வகுக்கவில்லை. 14 என்று நெடுங்காலம் நின்ற வேலைக்கான வயதெல்லை 2021 இல்தான் 16 ஆக உயர்த்தப்பட்டது. டயகமச் சிறுமி இறந்ததும் அதே ஆண்டில்தான். வீட்டுப் பணியாளருக்கு நியாயமான வேலை வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழில் தாபனம் 2011 இல் நிறைவேற்றியது. அதன் இலக்கம் 189. பத்தாண்டு கடந்த பின்னும் இலங்கை அதற்குக் கையொப்பத்தின் உறுதியைத் தந்திருக்கவில்லை.

இனி நம்மவர்கள் கூறும் சமாதானங்களுக்கு வருவோம்.

“அவளுக்குப் பழகிய பாதைதானே” என்பது முதற் சமாதானம். பாதை பழகியதுதான், நேரம் பழகியதா? ஆறு மணிக்கு அந்த ரோட்டில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்புகிற பெண்கள் கூட்டமாக வருவார்கள். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். ஏழு மணிக்கு ஓரிருவர். பத்து மணிக்கு யார்? மழையும் பனிமூட்டமும், சில மலைகளில் சிறுத்தை, எல்லா மலைகளிலும் குடித்துவிட்டு மதகில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள். எட்டு மணி என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு வந்தபோது நாம் தாமதித்தது இரண்டு மணி நேரம் மட்டுமல்ல. அவளுடைய கடைசி பஸ்ஸையும், அவளுடைய வழித்துணையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். நேரந்தவறுதல் வசதி உள்ளவனுக்கு ஒரு பழக்கம். வசதியற்றவளுக்கு அது ஓர் ஆபத்து.

“பெற்றோர் தாமே அனுப்பினார்கள்” என்பது இரண்டாவது. ஆம், அனுப்பினார்கள். நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்பதை எட்டவே 2021 மார்ச் மாதம் வரை, பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்த மக்கள் அவர்கள். ஆயிரம் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டின் விலைவாசி அதை விழுங்கியது. அப்படிப்பட்ட வீட்டில் மாலை வேளையில் மகள் கொண்டுவரும் சில நூறு ரூபாய் என்பது தங்கையின் கொப்பி, பாட்டியின் மருந்து. வறுமை கொடுத்த சம்மதத்தைக் காட்டி நம் கடமையிலிருந்து விடுதலை தேடுவது, கடன்காரன் கையெழுத்தைக் காட்டி வட்டிக்கடைக்காரன் பேசும் நியாயமாகும்.

மூன்றாவது சமாதானம் அறநெறியின் ஆடை அணிந்து வருகிறது. “பெண்பிள்ளை இரவில் வேலைக்கு வருவதே தவறு, வராமல் இருந்தால் ஆபத்தும் இல்லை” என்கிறது. என்னே கருணை! ஆபத்தை விளைவிப்பவன் ரோட்டிலே சுதந்திரமாக இருக்கலாம். உழைத்துப் பிழைப்பவள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும். நம் பிள்ளையை அவளிடம் ஒப்படைத்தபோது பேசாத அறநெறி, அவளை வீட்டில் சேர்க்கும் செலவு வந்ததும் வாய் திறக்கிறது. 2000 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்த விதியை நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஆனால் வெறுமனே கதவைத் திறந்துவிடவில்லை. போக்குவரத்து உட்படப் பல பாதுகாப்புகளை வேலை கொடுப்பவன் மீது சுமத்தியது. தடை அல்ல, பொறுப்பே வழி என்பது அதன் சாரம்.

வண்டி என்றதும் நான்காவது சமாதானம் எழும். “ஐயா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.” நல்ல மனத்தோடு சொல்லப்படுகிற இதனையும் நாம் சோதித்தே ஏற்க வேண்டும். விருந்தில் குடித்துவிட்டு வந்த ஐயாவா? தனியாகவா? அவள் மறுத்துச் சொல்ல முடியுமா? மறுத்தால் அடுத்த முறை அழைப்பு வருமா? ஏறினாலும், லயத்து வாசலில் நாளை எழும் பேச்சு யார் பெயரைக் கெடுக்கும்? ஐயாவின் பெயரையல்ல. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவு வேலைக்குப் போன பெண்ணொருத்தி, நிறுவனத்தின் வண்டி என்று நம்பி ஏறிய வண்டியின் ஓட்டுநனாலேயே கொல்லப்பட்டாள். ஆகவே வண்டி கொடுத்துவிட்டோம் என்பதால் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அவள் நம்பக்கூடிய துணை, அவள் மறுக்கக்கூடிய உரிமை, அவள் போய்ச் சேர்ந்தாளா என்ற விசாரிப்பு - இம்மூன்றும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு.

உலக வரலாற்றில் வீட்டு வேலைக்காரப் பெண் எப்படி வீடு திரும்புவாள் என்ற கேள்வி ஓர் அரசாங்கத்தையே உலுக்கியிருக்கிறது. அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரில் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். நிறபேதத்தை எதிர்த்து நடந்த அப்போராட்டத்தில் பஸ்ஸை விட்டு நடந்தவர்களுள் மிகப் பலர் வெள்ளையர் வீடுகளில் சமைத்த, துவைத்த, பிள்ளை வளர்த்த பெண்கள். அவர்கள் வராவிட்டால் வீடு நடக்காதென்று கண்ட வெள்ளைக்கார எசமானிகள் பலர் தாமே காரில் அழைத்துவந்து தாமே கொண்டுபோய் விட்டார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று நகர மேயர் மன்றாட வேண்டியதாயிற்று! நாம் கவனிக்க வேண்டியது இதுதான். அதற்கு முன்னும் அந்த எசமானிகளிடம் கார் இருந்தது. அப்பெண்கள் நடந்ததும் இருந்தது. கார்க் கதவு பரவலாகத் திறந்தது அப்பெண்கள் ஒன்றுபட்ட பிறகே. அவர்களோ எசமானியின் காரை மட்டும் நம்பி இருக்கவில்லை; சுமார் 300 கார்களைத் திரட்டித் தமக்கென ஒரு போக்குவரத்தையே அமைத்துக்கொண்டார்கள். கருணையைக் காத்திருந்து பெற்றதல்ல, அமைப்பால் பெற்றது.

நம் மக்களுக்கும் நடக்கத் தெரியும். 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் காடுகளினூடே நடந்த தடம் பற்றி மலையக மக்கள் நடந்தார்கள். அந்த நடையின் பெருமையை நாம் எழுதினோம், பேசினோம். நன்று. அதே மக்களின் மகள் இன்று இரவு நம் வீட்டிலிருந்து தன் லயத்துக்கு நடக்கும் இரண்டு மைலையும் அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கத் தவறினால், நாம் கொண்டாடியது வரலாற்றையல்ல, நம்மையே.

தோட்டத்து ரோட்டில் ஏன் விளக்கில்லை என்றும் கேட்க வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைத் தாராளமாகச் செலவிட இடம் தரவில்லை. தோட்டம் கம்பெனியின் எல்லை. ரோடு கம்பெனியின் ரோடு. தோட்டத் தொழிலாளி சபைக்கு வாக்களிக்கலாம், ஆனால் சபையின் விளக்கு அவள் வாசலுக்கு வராது! ஒரு தலைமுறை இப்படிக் கழிந்த பின் 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டத் தடை நீங்கியது. விளக்குக் கம்பம் தானாக முளைக்காது. அணையைத் தன் மடியில் சுமக்கும் ஊர், தலைநகருக்கு ஒளி தந்த ஊர், தன் மகள் நடக்கும் ரோட்டுக்குப் பத்து விளக்குகள் கேட்பது பிச்சையாகுமா? அது நீண்ட காலக் கடனுக்கான வட்டி.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம். இவற்றுக்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் நம் வீடுகளில் தொடங்கலாம்.

முதலாவது, பதினாறு வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையும் நம் பிள்ளையைப் பார்க்க வரக்கூடாது. அவளுடைய இடம் பாடசாலை. ஆசிரியராகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேறொருவர் வேண்டியதில்லை. இரண்டாவது, வேலை தொடங்கும் நேரம் போலவே முடியும் நேரமும் முன்னதாகப் பேசி முடிக்கப்பட வேண்டும். தாமதித்தால் தாமதத்துக்குக் கூலி. கடைசி பஸ் தவறினால் ஆட்டோக் கூலி. அதுவும் அவள் சம்பளத்தில் கழிக்கப்படாமல். மூன்றாவது, ஆட்டோ அவளும் அவள் வீட்டாரும் அறிந்தவருடையதாக இருக்க வேண்டும். வீட்டார் கொண்டுபோய் விடுவதானால் வீட்டுப் பெண் உடன் போக வேண்டும். குடித்தவர் வண்டியைத் தொடக்கூடாது. நான்காவது, சந்தியில் இறக்கிவிடுவது சேர்ப்பதாகாது. லயத்து வாசலில் அவள் தாய் கதவைத் திறக்கும் வரை நின்று பார்ப்பதே சேர்ப்பது. ஐந்தாவது, மழையோ மண்சரிவோ வழியை மறித்தால், அவளும் பெற்றோரும் சம்மதித்தால் மட்டும், உள்ளிருந்து தாழிடக்கூடிய அறையொன்றில் அவள் தங்கலாம். ஆறாவது, போக மாட்டேன், ஏற மாட்டேன், வர மாட்டேன் என்று அவள் சொல்லும் சொல்லுக்குக் காரணம் கேட்கப்படாது. அதனால் அவள் வேலையும் போகாது.

நமக்குப் புறத்தே இரண்டு கடமைகள். பிரதேச சபையிடம் விளக்கு கேட்பது ஒன்று. தொழிற்சங்கங்களிடம் கேட்பது மற்றொன்று: கொழுந்து கிலோவுக்குக் கணக்குப் பார்க்கும் சங்கம், மாலையில் பிறர் வீட்டுக்குப் போகும் அங்கத்தினர் மகளைத் தன் கணக்கில் ஏன் சேர்க்கவில்லை? தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளருக்கென 2007 இல் ஒரு நல வாரியம் அமைந்தது. இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்க வந்தபோது, வீட்டையும் வேலைத்தலம் என்று ஏற்றுக்கொண்டது. அவை எவ்வளவு தூரம் நடைமுறையாயின என்பது வேறு வழக்கு. ஆனால் ‘வீடு’ என்ற சொல்லின் பின்னே ஒளிந்துகொள்ள எசமானுக்கு இடமில்லை என்ற கொள்கை எழுத்தில் ஏறிவிட்டது. இங்கும் ஏற வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! நாளை நம்மில் ஒருவர் வீட்டில் பிள்ளை பார்க்க ஒரு பெண் வருவாள். நாம் திரும்பி வரும்போது நம் பிள்ளை சுகமாக உறங்கிக் கொண்டிருக்கும். அதை உறங்கவைத்தவளும் ஒரு தாய்க்குப் பிள்ளை. அந்தத் தாய் காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவள். இன்னும் உறங்காமல் வாசலில் குப்பி லாம்போடோ பல்போடோ காத்திருக்கிறாள். நம் பிள்ளை உறங்கிவிட்டது. அவள் பிள்ளை வீடு வந்து சேரவில்லை. அந்தத் தாய் உறங்கப் போகும் வரை அன்றைய வேலை முடியவில்லை என்று கொள்வோம். சாத்தப் போன கதவைத் திறந்து, டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, நாமும் வெளியே இறங்குவோம்.